மூளைக்குள் ஒரு காவற்படை

நம் உடல் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே வேண்டும். சேமிப்போ சிறிதும் இல்லை. அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் போன்றது மூளை. எனவே இரத்தக்குழாய் அடைபட்டால் சில நிமிடங்களிலேயே நரம்பணுக்கள் மடியத் தொடங்குகின்றன. ‘கை கால் விழுந்துவிட்டது’ என்று நம் ஊரார் சொல்லும் பக்கவாதம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

அடைப்பின் நடுப்பகுதி அணுக்கள் விரைவில் இறந்துபடும். அவற்றைச் சுற்றியுள்ளவையோ, அக்கம்பக்கக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் சிறிது இரத்தத்தால் சில மணி நேரம் குற்றுயிராய்க் கிடக்கும். காப்பாற்றக் கூடியவை இவையே.

இவை ஏன் சாகின்றன? சக்தி குன்றிய அணுக்கள் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருளை அளவின்றிக் கொட்டுகின்றன. அது பக்கத்து அணுக்களின் வாயில்களைத் திறந்துவிட, கால்சியம் வெள்ளமெனப் புகுகிறது. சக்தி நிலையங்களான மைட்டோகாண்டிரியாக்கள் சிதைகின்றன. அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது.

இவ்வழிவைத் தடுக்கும் பொருள்களும் மூளையிலேயே உண்டு. அமினோ அமிலங்களைக் கோத்த சிறு மாலைகளான நியூரோபெப்டைடுகள் அவை. 1989-இல் அகிரா அரிமுரா குழுவினர் செம்மறியாட்டின் மூளையிலிருந்து 38 அமினோ அமிலங்கள் கொண்ட ‘பேக்கேப்’ என்பதைப் பிரித்தெடுத்தனர். மூளைக்கு இரத்தம் தடைப்பட்ட எலிகளுக்கு இதைச் செலுத்தியபோது, நினைவாற்றலுக்குரிய பகுதியில் நரம்பணுக்களின் சாவு குறைந்தது. ஆனால் இரத்தத்தில் விரைவில் சிதைவதால் இதை மருந்தாக்குவது எளிதன்று.

பெப்டைடு வழியில் மற்றொரு முயற்சி நம் நாட்டிலேயே பலித்தது. 1988-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட எண்டோதீலின் என்னும் பெப்டைடை ஒட்டிச் செய்யப்பட்டது ‘சோவாடெல்டைடு’. இந்தியாவில் 158 நோயாளிகளைக் கொண்டு நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், இம்மருந்து பெற்றோர் மற்றவரைவிட நன்கு தேறினர். 2023-இல் இங்கு ஒப்புதலும் கிடைத்தது. நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள் இதன் ஊசியைத் தொடங்க வேண்டும். எனினும் 158 என்பது சிறு தொகையே. பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்தல் வேண்டும்.

காவற்படை எத்துணை வலியதாயினும் அடைப்பை நீக்குவது அதன் வேலையன்று. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரி 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது கணக்கு. ஆகவே வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ‘விடியட்டும்’ என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். திண்டிவனமாயினும் செஞ்சியாயினும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டாத் தொலைவில் இல்லை. வீட்டுக்கு ஒருவர் இதை அறிந்திருந்தால், ஊருக்குள்ளும் ஒரு காவற்படை உண்டாகும்.