முன் பிரேக்கைப் பிடித்தால் கவிழ்ந்துவிடுமா?

பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அண்ணனோ மாமாவோ முதல் நாளே எச்சரித்துவிடுவார்: "முன் பிரேக்கைத் தொடாதடா, தூக்கி அடிச்சிடும்." எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வலது காலை மட்டும் நம்பிப் பல வருடம் ஓட்டினேன். விழாமல் தப்பித்தது என் திறமையால் அல்ல.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் கூட்டமே முன்னால் சாய்கிறது. பைக்கிலும் அதே கதைதான். ஆளோடு சேர்த்து வண்டி 200 கிலோ, இரண்டு டயரிலும் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்வோம். பலமாகப் பிரேக் பிடித்ததும் ஏறத்தாழ 60 கிலோ பாரம் முன்னால் போய்விடும். முன் டயர் 160 கிலோவோடு தாரில் அழுந்திப் பற்றும். பின் டயரில் மிச்சம் 40 கிலோதான். அந்த நேரத்தில் காலால் ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் உருளாமல் இழுபடும், வண்டி வாலாட்டும். ரோட்டில் கறுப்புக் கோடு விழுமே தவிர, வண்டி லேசில் நிற்காது. காய்ந்த தார் ரோட்டில், 60 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அந்தத் தூரம் இரண்டு மடங்கைத் தாண்டும்.

பிறகு ஏன் முன் பிரேக்குக்கு இந்தக் கெட்ட பெயர்? வெடுக்கென்று பிடிப்பதால். பாரம் முன்னால் வந்து சேர ஒரு கணம் ஆகும். அதற்குள் லிவரை முழுக்க இறுக்கினால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் கீழே. எலுமிச்சம்பழம் பிழிவதுபோலப் பிடிக்க வேண்டும். முதலில் மெதுவாக, ஃபோர்க் அமுங்கியதும் அழுத்தமாக. கூடவே காலும் அளவாக.

பின் பிரேக் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். மணல், ஜல்லி கிடக்கும் இடத்திலும், ஹேண்டிலை ஒடித்துத் திரும்பும்போதும் அதுதான் துணை. பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பலம் கூடும். வளைவு என்றால், வண்டியைச் சாய்ப்பதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். மணலில் பிடிமானத்தை அதனாலும் உண்டாக்க முடியாது.

ஆளில்லாத நேர் ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பழகிப் பாருங்கள். அதற்கு முன் லிவரை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள். தொடாமலே விட்ட டிரம் பிரேக் வண்டிகளில் கேபிள் துருவேறி இறுகிப்போயிருக்கும்.