கேரி தீவுக்கு இரண்டு அரசியலமைப்பு, பிரிக்பீல்ட்ஸுக்கு ஒன்று

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. கேரி தீவுத் தோட்டங்களின் வாக்காளர்கள் வரிசையில் நின்று சிலாங்கூர் சட்டமன்றத்துக்குத் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் அன்று வாக்குச்சாவடியே கிடையாது. அன்று மட்டுமல்ல, எந்த மாநிலத் தேர்தலிலும் பிரிக்பீல்ட்ஸ்வாசிக்கு ஓட்டு இல்லை. நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்குச்சீட்டு, அதோடு சரி.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. கோலாலம்பூர் ஒரு காலத்தில் சிலாங்கூரின் தலைநகரம். 1974 பிப்ரவரி 1ஆம் தேதி சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் ஷா ஒப்பந்தத்தில் கையெழுத்திட, சுமார் 243 சதுர கிலோமீட்டர் நிலம் கூட்டரசின் கைக்குப் போனது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பங்சார் எல்லாம் கூட்டரசுப் பிரதேசம் ஆயின. கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிப் போகும்போது தலைக்கு மேலே வரும் கோத்தா டாருல் ஏசான் வளைவு அந்தப் பிரிவின் நினைவுச் சின்னம். அதன் கீழே தினமும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலைக்குப் போய்வருகிறார்கள். வளைவின் ஒரு பக்கத்தில் ஒரே அரசியலமைப்பு, மறுபக்கத்தில் இரண்டு.

அந்த இரண்டாவதுதான் சிலாங்கூர் மாநில அரசியலமைப்புச் சட்டம், 1959. சுல்தான் ஹிசாமுடின் ஆலம் ஷா காலத்தில் பிறப்பிக்கப்பட்டது. மலேசியாவின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. ஜொகூரின் அரசியலமைப்பு 1895லேயே, சுல்தான் அபு பாக்கார் காலத்தில் எழுதப்பட்டுவிட்டது. மலாயா சுதந்திரம் அடைவதற்கு 62 ஆண்டுகளுக்கு முன்பு. தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியலாம். தமிழ்நாட்டுக்குத் தனி அரசியலமைப்பு கிடையாது. இந்தியாவில் ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் இருந்தது, அதுவும் 2019இல் செயலிழந்தது.

சிலாங்கூர் சட்டத்தில் இரண்டு பெரும் பகுதிகள். ஒன்று அரசபீடத்தைப் பற்றியது: யார் சுல்தானாகலாம், வாரிசு யார், சுல்தான் இல்லாதபோது யார் பொறுப்பேற்பது. மற்றொன்று ஆட்சியைப் பற்றியது: மந்திரி பெசார் எனப்படும் மாநில முதல்வர், ஆட்சிக்குழு, 56 உறுப்பினர் கொண்ட சட்டமன்றம், மாநிலத்தின் பணம். இதில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளும் உரிமை மாநிலத்துக்கு இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை, ஒவ்வொரு மாநிலமும் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய விதிகளைப் பட்டியலிடுகிறது. வைக்காவிட்டால், 71ஆம் பிரிவின்படி நாடாளுமன்றமே தலையிடலாம்.

சிலாங்கூர் அரசியலமைப்பில் அதிகம் பேசப்பட்டது 53ஆம் பிரிவு. சட்டமன்றப் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று சுல்தான் கருதும் ஓர் உறுப்பினரை அவர் மந்திரி பெசாராக நியமிக்கிறார். 2014இல் அப்போதைய மந்திரி பெசார் காலிட் இப்ராஹிமை மாற்ற அவருடைய கட்சியே முயன்றபோது இந்த வரிக்கு உயிர் வந்தது. அந்தக் கட்சி முன்மொழிந்த வான் அசிசாவுக்கு ஆதரவாக 30 உறுப்பினர்கள் சத்தியப் பிரமாணம் செய்தார்கள். 56இல் 30 என்றால் பெரும்பான்மை. ஆனாலும் சுல்தான் ஷராஃபுடின் இட்ரிஸ் ஷா கட்சிகளிடம் இரண்டுக்கும் மேற்பட்ட பெயர்களைக் கேட்டார். செப்டம்பர் 23ஆம் தேதி பதவியேற்றவர் வான் அசிசா அல்ல, அஸ்மின் அலி. எண்ணிக்கை மட்டும் போதுமா, சுல்தானின் தீர்மானம் எதுவரை செல்லும் என்ற கேள்வி அந்த வாரங்களில் கிள்ளான் காப்பிக் கடைகள் வரை வந்து சேர்ந்தது.

பேராக் மாநிலத்தில் இதே கேள்வி இன்னும் கசப்பான முறையில் எழுந்தது. 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் ஆளும் கூட்டணியை விட்டு விலக, மந்திரி பெசார் நிசார் பதவி இழந்தார். மே 7ஆம் தேதி சபாநாயகர் வி. சிவகுமார் தம் இருக்கையிலிருந்து வலுக்கட்டாயமாக அகற்றப்பட்டார். நம்பிக்கை போய்விட்டதா என்பதைச் சட்டமன்ற வாக்கெடுப்பில் மட்டுமே அறிய வேண்டும் என்பதில்லை என்று 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு மன்றத்துக்கு வெளியே கவிழலாம் என்பதை எளிதில் ஏற்க முடியவில்லை. ஆனால் நாட்டின் சட்டம் இன்று அதுதான்.

தமிழர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொன்று: ஓர் இந்தியர் மந்திரி பெசாராக முடியுமா? சிலாங்கூரில் மந்திரி பெசார் மலாய்க்காரராக, இஸ்லாத்தைப் பின்பற்றுபவராக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் அதிகாரத்தை அதே 53ஆம் பிரிவு சுல்தானுக்குத் தருகிறது. கதவு பூட்டப்படவில்லை, சாவி அரண்மனையில் இருக்கிறது.

சரி, இந்தச் சட்டத்தை மாற்றுவது எப்படி? அரியணை வாரிசு பற்றிய விதிகளில் சட்டமன்றம் கைவைக்கவே முடியாது. மற்றவற்றை மாற்றும் மசோதாவுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, இரண்டாம் வாசிப்பிலும் மூன்றாம் வாசிப்பிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும். அன்று மன்றத்துக்கு வந்தவர்களில் அல்ல, மொத்தத்தில். 56 பேர் மன்றத்தில் அது 38. ஓர் உறுப்பினர் வராமல் இருந்தாலும் அது எதிர்ப்பு வாக்குக்குச் சமம்.

2011 ஜனவரி 24 அன்று இந்தக் கணக்கில்தான் ஒரு திருத்தம் தோற்றது. மாநிலச் செயலாளர் நியமனத்தில் கூட்டரசோடு மோதல் வந்தது. மாநிலச் செயலாளர், சட்ட ஆலோசகர், நிதி அதிகாரி ஆகிய மூன்று பதவிகளுக்கான நியமனத்தில் சுல்தானுக்கும் மந்திரி பெசாருக்கும் பங்கு வேண்டும் என்று காலிட் அரசு சிறப்புக் கூட்டத்தைக் கூட்டியது. 2008 தேர்தலில் அந்தக் கூட்டணி வென்றதே 36 இடங்கள்தான். எதிர்க்கட்சி மறுத்தது, மசோதா விழுந்தது. 2013இல் 44 இடம், 2018இல் 51 இடம் என்று ஆளும் தரப்பு எண்ணிக்கை உயர்ந்தது. 2023இல் அது 34. இன்று சிலாங்கூர் அரசு தனியாக ஆளலாம்; தனியாக அரசியலமைப்பைத் திருத்த முடியாது.

மேலே ஒன்று மாறினால் கீழேயும் மாற வேண்டும். வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய 2019 கூட்டரசுத் திருத்தம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்ற வேட்பாளரின் வயதைக் குறைக்க ஒவ்வொரு மாநிலமும் தன் சொந்தச் சட்டத்தைத் தொட வேண்டியிருந்தது. 2022இல் வந்த கட்சித் தாவல் தடைக்கும் அதே வழிதான். கூட்டரசின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவில் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் பல விஷயங்கள், சிலாங்கூர் தலைநகர் ஷா ஆலமில் மறுபடி வாக்கெடுப்புக்கு வருகின்றன.

இவ்வளவும் கேரி தீவில் செம்பனை வெட்டும் குடும்பத்துக்கு எதற்கு? நிலத்துக்காக. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. துறைமுகம் கூட்டரசுப் பட்டியலில். கேரி தீவில் பெரிய துறைமுகம் கட்டும் யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அது நடந்தால் துறைமுகத்துக்கு அனுமதி புத்ராஜெயாவிலிருந்து வரும். நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் முடிவு ஷா ஆலம் ஆட்சிக்குழுவின் மேசையில் எடுக்கப்படும். தோட்டக் கோயிலின் இடம், மா மெரி பூர்வகுடிகளின் கிராமம் இரண்டும் அந்த மேசைக்குத்தான் போகும்.

அந்த மேசையில் அமர்பவர் மாறினால் என்ன நடக்கும் என்பதற்குச் சிலாங்கூரின் டிங்கிலில் ஒரு சான்று இருக்கிறது. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த புக்கிட் தம்போய் கிராமத்தின் தெமுவான் பூர்வகுடி மக்கள், சகோங் தாசி தலைமையில் மாநில அரசு உட்படப் பலர் மீது வழக்குத் தொடுத்து 2002இல் உயர் நீதிமன்றத்திலும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றார்கள். மாநில அரசு மீண்டும் மேல்முறையீடு செய்தது. 2008இல் ஆட்சி மாறியது; புதிய மாநில அரசு அந்த மேல்முறையீட்டைக் கைவிட்டது.