மழைநீரும் ஓடுபாதையும்

கற்பிட்டி முதல் சிலாபம் வரையான கரையோரத்தில் பனிக்கட்டி என்றால் மீன்பெட்டிதான் நினைவுக்கு வரும். உறைந்த ஓடுபாதையின் அபாயம் குளிர்நாடுகளுக்கே உரியதென நாம் எண்ணுவதும் அதனாலேயே. ஆனால், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2021 நவம்பரில் நடைமுறைப்படுத்திய அளவீடு வேறொன்றைக் கூறுகின்றது. உலர்ந்த ஓடுபாதைக்கு 6. பனிக்கட்டி படர்ந்ததற்கு 1. மூன்று மில்லிமீற்றருக்கு மேல் நீர் தேங்கினால் 2. தேங்கிய மழைநீருக்கும் பனிக்கட்டிக்கும் இடையே ஒரு படிதான்.

விரைந்து உருளும் சில்லுக்கு நீரை விலக்க அவகாசம் கிடைப்பதில்லை. அது நீரின்மீது மிதக்கத் தொடங்க, தடுப்புகள் பயனற்றுப் போகின்றன. பெரிய விமானங்களின் ரயர் அழுத்தத்தில் இதற்கு மணிக்குச் சுமார் 235 கிலோமீற்றர் வேகம் போதும். தரையிறங்கும் வேகமும் ஏறத்தாழ அதுவே.

2020 ஆகஸ்ட் 7ஆம் திகதி, டுபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் மழைக்கிடையே ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. 21 பேர் உயிரிழந்தனர். நம் கரையோரத்தவரைப் போன்றே வளைகுடாவில் உழைத்தோர் அதிற் பலர். வெகுதூரம் தள்ளித் தரைதொட்டமை உள்ளிட்ட விமானியின் தவறுகளையே விசாரணை அறிக்கை முதன்மைப்படுத்தியது. எனினும், நனைந்த பாதையில் அத்தகைய தவறைத் திருத்த இடம் குறைவு.

பாலாவியோ கட்டுநாயக்காவோ, தரையிலுள்ளோரின் கடமை இங்குதான் தொடங்குகின்றது: வடிகாலைத் துப்புரவாக வைத்தல், ரயர்கள் விட்டுச்செல்லும் றப்பர்ப் படிவை அகற்றுதல், ஓடுபாதையின் மூன்று பகுதிகளையும் நேரிற் பார்த்துத் தனித்தனியே எண் அறிவித்தல். இரவு மழையில் இறங்கும் விமானிக்கு நீரின் ஆழம் தெரியாது. வானொலியில் வரும் அந்த எண்களே தெரியும்.