பாயின்ட் பியூர்: சிறுவர்களுக்காக எழுப்பப்பட்ட தீவாந்தரச் சிறை

குற்றவாளிகளைத் தாய்நாட்டிலிருந்து அகற்றி, கடல் கடந்த குடியேற்றங்களில் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்துவதே நாடுகடத்தல் தண்டனை. பிரிட்டன் 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் ஏறத்தாழ 1,60,000 பேரை இவ்வாறு அனுப்பியது. அவர்களுள், வறுமையால் சிறு திருட்டுகளில் ஈடுபட்டு ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற சிறுவர்களும் இருந்தனர்.

சுமார் நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின் வான் டீமன் நிலம் எனப்பட்ட இன்றைய தாஸ்மேனியாவை அடைந்த சிறுவர்களை, வளர்ந்த கைதிகளிடமிருந்து பிரித்து வைக்க, போர்ட் ஆர்தர் சிறைக்குடியிருப்புக்கு எதிரே 1834இல் பாயின்ட் பியூர் சிறை நிறுவப்பட்டது. நல்ல நீரும் வளமான மண்ணும் இல்லாத, காற்று வீசியடிக்கும் அந்த முனையில், விடியலில் எழுந்த சிறுவர்கள் தச்சு, செருப்புத் தைத்தல், கல் செதுக்குதல், படகு கட்டுதல் ஆகிய தொழில்களைப் பழகியதோடு, எழுத்தறிவும் சமயபோதனையும் பெற்றனர். விதி மீறியோர் பிரம்படிக்கும், தனியறையில் அடைக்கப்பட்டு ரொட்டியும் நீரும் மட்டுமே தரப்படும் தனிமைச் சிறைக்கும் ஆளாயினர்.

1849இல் மூடப்படும்வரை ஏறத்தாழ 3,000 சிறுவர்கள் அங்கே வாழ்ந்தனர். சீர்திருத்தமே நோக்கம் என அரசு கூறினாலும், தாயையும் ஊரையும் இழந்த பிள்ளைக்குக் கைத்தொழில் ஈடாகாது. வறுமையைக் களையாது வறியவரின் பிள்ளைகளைக் கடல் கடத்திய அம்முறை, நீதியின் பெயரால் நிகழ்ந்த கொடுமையே ஆகும்.