உரையும் உள்ளமும்

இலக்கிய வினாத்தாளில் ‘உமது கருத்து யாது?’ என்று கண்டவுடன் பேனாவைக் கீழே வைத்துவிடும் மாணவர் பலர். குறிப்புப் புத்தகத்தில் உள்ளதை ஒப்புவிக்க அவர்கள் அறிவார்கள். தம் உள்ளத்தில் எழுந்ததை எழுதத்தான் அஞ்சுகிறார்கள். இவ்வச்சத்தைப் போக்கும் வழியை ஒரு குறளைக் கொண்டே காண்போம்.

வான்சிறப்பு அதிகாரத்தின் ஐந்தாம் குறள், மக்களைக் கெடுக்கவும், கெட்டவர்க்குத் துணைநின்று மீண்டும் உயர்த்தவும் வல்லது மழை என்கிறது. மழை எவ்வாறு கெடுக்கும்? குறள் அதனைக் கூறவில்லை. பெய்யாது நின்று கெடுக்கும் எனப் பரிமேலழகர் உரை வகுத்தார். நம் காலத்தை அடுத்து வாழ்ந்த மு. வரதராசனாரும் அவ்வாறே பொருள் கொண்டார்.

கரவனெல்லவைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டமொன்றில் வளரும் மாணவி இக்குறளைப் படிப்பதாகக் கொள்வோம். விடியலில் மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். பால் வெட்ட இயலாது. வெட்டியபின் பெய்தாலோ, சிரட்டையில் சேர்ந்த பால் நீரோடு வழிந்தோடும். தாய்க்கு அன்றைய பேர் கிடைக்குமா என்பதே வீட்டின் கவலை. இதே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் 2016 மே 17ஆம் நாள் பெருமழையால் மலை சரிந்து, வீடுகளை மக்களோடு மூடியதையும் அவள் கேட்டிருப்பாள். ‘மழை பெய்தும் கெடுக்குமே!’ என்ற எண்ணம் அவளுக்கு எழுவது இயல்பன்றோ?

ஆயினும் எண்ணம் வேறு, விளக்கம் வேறு. எண்ணம் விளக்கமாவதற்குச் சான்று வேண்டும். அச்சான்று பாட்டினுள்ளேயே கிடைத்தல் வேண்டும். ஆகவே அவள் மீண்டும் நூலை நோக்கட்டும். கெடுக்கும் வகை இன்னதெனக் குறள் வரையறுக்காமையால் அவள் கருத்துக்கு இடமுண்டு. ஆனால் அதே அதிகாரத்தின் பிற குறள்களோ, மழை பொய்த்தால் பசி வருத்தும், ஏர் ஓடாது, புல்லும் தலைகாட்டாது, கடலும் வளம் குன்றும் என்கின்றன. இது பரிமேலழகருக்குத் துணையாகும் சான்று. இரண்டையும் எடுத்துக்காட்டி, ‘உரையாசிரியர் கொண்ட பொருள் அதிகாரத்தோடு இயைகிறது, எனினும், பெய்து கெடுத்தலையும் தன்னுள் அடக்கும் அளவுக்குக் குறளின் சொல் விரிந்துள்ளது’ என்று அவள் எழுதுவாளாயின் அதுவே அவளுடைய சொந்த விளக்கம். தாயின் துயரத்தையே பக்கம் பக்கமாக எழுதிக் குறளை மறந்துவிட்டால், அது நல்ல கட்டுரையாகலாம், நயங்காணலாகாது.

இவ்வாறு ஆராய்வது நம் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளுக்கு முற்காலத்தில் பதின்மர் உரை கண்டனர் என்பர். மணக்குடவர், பரிதியார், காலிங்கர், பரிப்பெருமாள், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரைகள் இன்று கிடைக்கின்றன. முன்னோர் உரையே போதுமென்று பின்வந்தோர் வாளாவிருந்திருந்தால் இச்செல்வம் நமக்குக் கிட்டியிருக்குமா?

பெற்றோர்க்கு ஒரு சொல். குறிப்புப் புத்தகத்தைப் பிள்ளையிடமிருந்து பறிக்க வேண்டா. அதைத் திறக்குமுன் பாட்டை இருமுறை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். ‘உனக்கு என்ன தோன்றிற்று? எந்தச் சொல்லால் தோன்றிற்று?’ என்று கேளுங்கள். இரண்டாம் வினாவுக்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை, முன்பின் காணாத பாடலைத் தந்தாலும் பரீட்சை மண்டபத்தில் கலங்காது. தன் தோட்டத்து வாழ்வுக்கும் இலக்கியத்தில் இடமுண்டு என்பதையும் அது அறிந்துகொள்ளும்.