கொங்கு நாட்டுப் பழந்திரைப்படங்களைக் காணும் வழிகள்

கொங்கு நாட்டுப் பழந்திரைப்படங்கள் என்பன கோயம்புத்தூரிலும் சேலத்திலும் இயங்கிய படப்பிடிப்பு நிலையங்களில், 1930களின் பிற்பகுதி முதல் 1960களின் தொடக்கம் வரை எடுக்கப்பட்ட பேசும் படங்களைக் குறிக்கும். இவற்றுள் சில முற்றாக அழிந்துவிட்டன. சில காப்பகங்களிலும் தனியாரிடமும் உள்ளன. வேறு சில தொலைக்காட்சி, குறுந்தட்டு, இணையம் ஆகியவற்றின் வழியே காணக் கிடைக்கின்றன. ஓடிடி எனப் பரவலாக அழைக்கப்படும் இணையவழித் திரைச் சேவைகள் 2016க்குப் பின் இந்தியாவில் பெருகின. எனினும் அவற்றின் பட்டியல்கள் பெரும்பாலும் அண்மைக்காலப் படங்களையே கொண்டுள்ளன. ஒரு படம் அப்பட்டியலில் இல்லை என்பதால் அது அழிந்துவிட்டது என்று பொருளாகாது. அதேபோல், ஒரு படம் இன்று பட்டியலில் இருப்பதால் அது பாதுகாக்கப்பட்டுவிட்டது என்றும் கொள்ள இயலாது.

பின்னணி

கோயம்புத்தூரின் திரைப்பட வரலாறு சாமிக்கண்ணு வின்சென்ட் (1883–1942) என்பவரிடமிருந்து தொடங்குகிறது. தொடர்வண்டித் துறையில் பணியாற்றிய இவர், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அமைத்துப் படங்களைத் திரையிட்டார். பின்னர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் திரையரங்கை நிறுவினார். இது தென்னிந்தியாவின் தொடக்ககால நிலையான திரையரங்குகளுள் ஒன்றாகும். அது அமைந்த சாலை இன்றும் வெரைட்டி ஹால் சாலை என்றே வழங்கப்படுகிறது.

கொங்குப் பகுதியில் பின்வரும் மூன்று நிலையங்கள் குறிப்பிடத்தக்கவை.

சென்ட்ரல் ஸ்டூடியோஸ்: 1930களின் நடுப்பகுதியில் கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் அமைக்கப்பட்டது. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த சிவகவி (1943), எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலில் கதைத் தலைவனாக நடித்த ராஜகுமாரி (1947) முதலியவை இங்கு உருவாயின.

பட்சிராஜா ஸ்டூடியோஸ்: எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு 1945இல் கோயம்புத்தூரில் தொடங்கினார். ஏழை படும் பாடு (1950), மலைக்கள்ளன் (1954) ஆகியவை இதன் தயாரிப்புகள். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் கதையைத் தழுவிய மலைக்கள்ளன், சிறந்த தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. இக்கதை இந்தியில் ஆசாத் (1955) என்ற பெயரிலும், தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் படமாக்கப்பட்டது.

மாடர்ன் தியேட்டர்ஸ்: டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த இந்நிறுவனம், மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் (1938), மந்திரி குமாரி (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) ஆகியவற்றை அளித்தது. சேலம் ஏற்காடு சாலையில் இதன் நுழைவு வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது.

அழிந்தவையும் எஞ்சியவையும்

ஒரு பழைய படத்தைக் காண வேண்டுமெனில் அதன் படச்சுருளோ பிரதியோ எங்கேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனையாகும். 1950களின் தொடக்கம் வரை பயன்பாட்டில் இருந்த நைட்ரேட்டுச் சுருள்கள் எளிதில் தீப்பற்றக் கூடியவை. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் விரைவாகச் சிதையக் கூடியவை. பின்னர் வந்த அசிட்டேட்டுச் சுருள்களும் சரியான குளிர்நிலையில் வைக்கப்படாவிடில் புளித்த வாடையுடன் சுருங்கிப் பாழாகின்றன. திரையிட்டு ஓய்ந்த பிரதிகளை வெள்ளி பிரித்தெடுப்பதற்காக விற்றுவிடும் வழக்கமும் இருந்தது. படம் ஓடி முடிந்த பின் அதற்கு மதிப்பு இருக்கும் என்று அக்காலத்தில் தயாரிப்பாளர்கள் பலர் கருதவில்லை.

சேலத்தில் உருவான பாலன் படத்தின் பிரதி எதுவும் இன்று இல்லை. ஒளிப்படங்கள், பாட்டுப் புத்தகம் போன்றவற்றின் வழியே மட்டுமே அதனை அறிய முடிகிறது. தமிழின் முதல் பேசும் படமாகக் கருதப்படும் காளிதாஸ் (1931) படத்தின் நிலையும் இதுவே. மாறாக, சிவகவி, ஏழை படும் பாடு, மந்திரி குமாரி, மலைக்கள்ளன், அலிபாபாவும் 40 திருடர்களும் ஆகியவை எஞ்சியுள்ளன.

இந்தியாவில் திரைப்படங்களைப் பேணுவதற்கான அரசு நிறுவனமான தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் புனேயில் தொடங்கப்பட்டது. அதாவது, கோயம்புத்தூர் நிலையங்களின் செழிப்பான காலம் முடிந்த பிறகே காப்பகம் தோன்றியது. 2003 சனவரியில் புனேயில் ஏற்பட்ட தீ விபத்தில் அக்காப்பகத்துக்குரிய நைட்ரேட்டுச் சுருள்கள் பல எரிந்தன. 2022இல், தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2,200 இந்தியப் படங்களை மீட்டெடுக்கும் பணி அறிவிக்கப்பட்டது.

ஓடிடி தளங்களில் தெரிவு குறைவாக இருப்பதன் காரணங்கள்

நெட்ஃபிளிக்ஸ் 2016 சனவரியிலும், அமேசான் பிரைம் வீடியோ 2016 திசம்பரிலும் இந்தியாவில் சேவையைத் தொடங்கின. தமிழ்ப் படங்களை முதன்மையாகக் கொண்ட சன் நெக்ஸ்ட் 2017இல் வந்தது. ஆகா நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவு 2022இல் தொடங்கியது. இத்தளங்களில் பழைய படங்கள் குறைவாக இருப்பதற்குப் பின்வருவன காரணங்களாகும்.

முதலாவது, காலவரையறை. தளங்கள் பெரும்பாலான படங்களை விலைக்கு வாங்குவதில்லை; குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, குறிப்பிட்ட நாடுகளுக்கு மட்டும் உரிமம் பெறுகின்றன. உரிமம் முடிந்து புதுப்பிக்கப்படாவிடில் படம் பட்டியலிலிருந்து நீங்கும். இதனால் ஒரே படம் ஒரு நாட்டில் கிடைத்து மற்றொரு நாட்டில் கிடைக்காமலும் போகலாம்.

இரண்டாவது, உரிமையாளரை அறிவதில் உள்ள சிக்கல். தமிழகத் திரைவணிகத்தில் விநியோக உரிமை ஏரியா எனப்படும் பகுதிகளாகப் பிரித்து விற்கப்பட்டது. கோயம்புத்தூர், சேலம் ஆகிய இரண்டும் தனித்தனி ஏரியாக்களாக விளங்கின. இதற்கு அப்பால் நெகடிவ் உரிமை, தொலைக்காட்சி உரிமை, ஒலிப்பதிவு உரிமை என்பன வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நபர்களுக்கு விற்கப்பட்டன. தயாரிப்பு நிறுவனம் மூடப்பட்ட பின்னர், இணைய உரிமை யாரிடம் உள்ளது என்பதை நிறுவுவது கடினமாகிறது. அக்கால ஒப்பந்தங்களில் இணையம் என்ற சொல்லுக்கே இடமில்லை.

மூன்றாவது, பிரதியின் தரம். கீறல்களும் ஒலி இரைச்சலும் உடைய பிரதியைத் தளங்கள் எளிதில் ஏற்பதில்லை. சுருளைத் தூய்மைப்படுத்தி, படம் படமாக எண்ணிம வடிவுக்கு மாற்றிச் சீர்செய்வதற்குப் பெரும் பொருட்செலவு ஆகும்.

நான்காவது, வணிகக் கணிப்பு. சந்தாதாரர்களை ஈர்ப்பன புதிய படங்களே என்பதால் தளங்கள் தம் முதலீட்டை அவற்றிலேயே செய்கின்றன. ஒரு பழைய படத்துக்கான செலவு, அதைப் பார்ப்போரின் எண்ணிக்கையால் ஈடுகட்டப்படுவது அரிது. தொலைக்காட்சிக்கென ஏற்கெனவே பெருந்தொகையான படங்களை வாங்கி வைத்திருந்த நிறுவனங்களின் தளங்களில் மட்டும் பழைய படங்கள் ஒப்பீட்டளவில் கூடுதலாக உள்ளன.

பிற வழிகள்

தொலைக்காட்சி: கேடிவி, முரசு, ராஜ் டிஜிட்டல் பிளஸ் முதலிய அலைவரிசைகள் திரைப்படங்களுக்கும் திரைப்பாடல்களுக்கும் முதன்மை தருபவை. தனிக் கட்டணமின்றிப் பழைய படங்களைக் காண நீண்டகாலமாக இருந்துவரும் வழி தொலைக்காட்சியே. ஆனால் எந்தப் படம், எப்போது என்பதைப் பார்வையாளர் தீர்மானிக்க இயலாது. விளம்பரத்துக்காகக் காட்சிகள் வெட்டப்படுவதும் உண்டு.

குறுந்தட்டு: 1980களில் காணொளி நாடாக்களும், பின்னர் விசிடி, டிவிடி ஆகியவையும் வாடகைக்கும் விற்பனைக்கும் கிடைத்தன. மோசர் பேர் நிறுவனம் 2007 அளவில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது பழைய தமிழ்ப் படங்கள் பலவும் குறைந்த விலையில் வீடுகளை அடைந்தன. இத்தொழில் பின்னர் நலிவுற்றது. வாங்கிய தட்டு உரிமம் முடிந்தாலும் உரியவரிடமே இருக்கும் என்பது இதன் சிறப்பு. கீறலும் பூஞ்சையும் படியும் என்பதும், இயக்கும் கருவிகள் அருகிவருகின்றன என்பதும் இதன் குறைகள்.

இணைய நிகழ்படத் தளங்கள்: யூடியூப்பில் உரிமையாளர்களும் பிறரும் பதிவேற்றிய பழைய தமிழ்ப் படங்கள் ஏராளமாக உள்ளன. கொங்கு நாட்டுப் பழம்படங்களுள் எஞ்சிய பலவற்றைப் பொதுமக்கள் காண்பது பெரும்பாலும் இவ்வழியிலேயே. இவற்றுள் பல, தட்டுகளிலிருந்தோ தொலைக்காட்சியிலிருந்தோ எடுக்கப்பட்டவை என்பதால் தெளிவு குன்றியும், நீளம் குறைந்தும் காணப்படுகின்றன. முன்னறிவிப்பின்றி நீக்கப்படவும் கூடும்.

திரையரங்கு மறுவெளியீடு: எண்ணிம முறையில் சீர்செய்யப்பட்ட கர்ணன் (1964) 2012 மார்ச்சில் மீண்டும் திரைக்கு வந்து நூறு நாட்களைக் கடந்து ஓடியது. ஆயிரத்தில் ஒருவன் (1965) 2014இல் இவ்வாறே வெளியானது. எனினும் இத்தகைய முயற்சிகள் பெரும் நடிகர்களின் படங்களோடு நின்றுவிடுகின்றன.

காப்பகமும் திரைப்படக் கழகங்களும்: புனே காப்பகத்தில் ஆய்வாளர்கள் முன் அனுமதி பெற்றுப் படங்களைப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் கோணங்கள் திரைப்படக் கழகம், வழக்கமான திரையரங்குகளில் வெளியாகாத உலகப் படங்களைத் திரையிட்டு உரையாடல்களை நடத்தியுள்ளது.

பதிப்புரிமை நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஒரு திரைப்படத்துக்கான பாதுகாப்பு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். முன்னர் 50 ஆண்டுகளாக இருந்த இக்காலம் 1990களின் தொடக்கத்தில் நீட்டிக்கப்பட்டது. இக்கணக்கின்படி 1954இல் வெளியான மலைக்கள்ளனின் பாதுகாப்புக் காலம் 2014 இறுதியிலும், 1956இல் வெளியான அலிபாபாவும் 40 திருடர்களும் படத்தினுடையது 2016 இறுதியிலும் முடிவடைகிறது. ஆயினும் படத்தில் அடங்கிய கதை, பாடல், இசை ஆகியவற்றுக்கான உரிமை, அவற்றை ஆக்கியவரின் இறப்புக்குப் பின் 60 ஆண்டுகள் வரை தனியே தொடரலாம்.

உரிமைக்காலம் முடிந்த படத்தை எவரும் வெளியிடலாம். ஆனால் அதற்கு நல்ல பிரதி தேவை. அப்பிரதி தனியார் ஒருவரிடமோ காப்பகத்திடமோ மட்டும் இருக்குமாயின், சட்டப்படி பொதுவில் உள்ள படமும் நடைமுறையில் எட்டாததாகவே இருக்கும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில், விலைக்கு வாங்கிய தட்டை உரிமையாளரின் தனி இசைவின்றி வாடகைக்கு விடச் சட்டம் இடமளிக்கிறது. இதனைப் பயன்படுத்தி நெட்ஃபிளிக்ஸ் 1998 முதல் அஞ்சல் வழியே டிவிடிகளை வழங்கிவந்தது. அத்தட்டுகளின் பட்டியல் அந்நிறுவனத்தின் இணையப் பட்டியலைவிட மிகப் பெரிதாக இருந்தது. 2023 செப்டம்பர் 29 அன்று அச்சேவை நிறுத்தப்பட்டபோது, தட்டில் மட்டும் கிடைத்த பல படங்களுக்கு இருந்த ஒரு முக்கிய வழி அடைபட்டது. இந்தியச் சட்டத்தில் வணிகநோக்கில் வாடகைக்கு விடும் உரிமையும் பதிப்புரிமையாளருக்கே உரியது என்பதால் இத்தகைய பெருஞ்சேவை இங்கு எளிதன்று.

ஒப்பீடு

ஓடிடி தளங்களின் வலிமை வசதியும் படத்தெளிவும் ஆகும். தெரிவின் அளவிலும் நிலைத்தன்மையிலும் அவை பின்தங்குகின்றன. தொலைக்காட்சியும் நிகழ்படத் தளங்களும் பரந்த தெரிவைத் தருகின்றன. தரமும் முழுமையும் உறுதியில்லை. தட்டுகள் பார்வையாளரின் கையில் இருப்பவை. ஆனால் புதிதாக வருவது அரிது. காப்பகம் ஒன்றே நெடுங்காலப் பாதுகாப்பை நோக்கமாகக் கொண்டது; எனினும் அது கோயம்புத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் தொலைவில் உள்ளது. இந்நிலையில், சிங்காநல்லூரில் எடுக்கப்பட்ட ஒரு படத்தை அவ்வூர் மாணவர் ஒருவர் காண விரும்பினால், ஒரே வழியை நம்பாது இவை அனைத்தையும் தேட வேண்டியுள்ளது.