இடக்கரடக்கலும் இளைஞர் நோயொன்றும்

நன்னூல் கற்றோர் எவரும் இடக்கரடக்கலை மறந்திரார். அவையிலே வெளிப்படக் கூறத்தகாத ஒன்றைத் தகுதி நோக்கி வேறொரு சொல்லாற் கூறுவது அஃது. "கால் கழுவி வந்தேன்" என்னும் உதாரணத்தைக் கரும்பலகையில் எழுதியவுடன் கடைசி வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு எழும். ஆண்டுதோறும் எழுகின்ற அச்சிரிப்பைக் கேளாதார் போன்று அடுத்த உதாரணத்துக்குச் செல்வது எம் வழக்கம். பழைய மாணவர் பலர் இதனை வாசிக்கும்போது அந்த வாங்கையும், அதிலே தாம் இருந்த இடத்தையும் நினைத்துக்கொள்வர். எனினும், அவ்விதியின் பாதியையே யாம் இத்தனை காலமும் படிப்பித்து வந்தோம் என்பதை ஒரு மாணவனுக்கு வந்த நோய் எமக்கு உணர்த்திற்று. கூற வேண்டியதைக் கூறாது விடலாகாது என்பதனாலேயே, அதனை நாகரிகமாகக் கூறுதற்கு இலக்கண நூலார் வழி செய்து வைத்தனர். நாமோ அடக்கலைக் கைக்கொண்டு கூறலைக் கைவிட்டோம்.

விழா மலரிலே கல்லூரியின் பழம்பெருமையை எழுதாது விதைப் புற்றுநோயைப் பற்றி எழுதுவது என்னையென வினவுவார் இருப்பர். இம்மலரைக் கையில் எடுப்போர் யாவர் என எண்ணுக. 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவரும், அவ்வயதுப் பிள்ளைகளைப் பெற்றோரும், அவர்களுக்குக் கற்பிப்போருமே பெரும்பாலார். புற்றுநோய் முதியோரைப் பற்றுவதென்பது பொதுவழக்கு. இவ்வொன்று அவ்வழக்குக்குப் புறம்பாக இளைஞரையே பெரிதும் நாடுகின்றது.

சில ஆண்டுகளின் முன் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவன் ஒருவன், துடுப்பாட்டக் குழுவில் இடம்பெற்றவன், ஒரு நாள் பாடம் முடிந்தபின் எம்மிடம் வந்து தயங்கி நின்றான். "கீழே ஒரு பாரமாக இருக்கிறது, சேர்" என்றான். வேறொன்றும் கூறவில்லை. பந்து பட்டிருக்கும், இரண்டு கிழமை விளையாடாதே என்று யாம் சொல்லியனுப்பினோம். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் எந்தச் சொல்லாற் கூறியிருப்பான் என்பது தெரியவில்லை; அதற்குரிய சொல்லை யாம் அவனுக்குக் கற்பித்ததில்லை. ஏழு மாதம் கழித்து, முதுகுநோ தாங்கமாட்டாத நிலையில் அவனை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். அதற்குள் வீட்டார் முதுகுக்கு எண்ணெய் பூசினர், ஒற்றடம் கொடுத்தனர். கட்டியைப் பற்றி அவன் தாயிடமோ தந்தையிடமோ மூச்சுவிடவில்லை. சத்திரசிகிச்சையும், அதன்மேல் நான்கு சுற்று மருந்தேற்றலும் பெற்று அவன் பிழைத்தான். அவ்வாண்டுப் பரீட்சையை எழுதவில்லை. தொடக்கத்திலேயே வந்திருந்தால் சத்திரசிகிச்சை ஒன்றோடு முடிந்திருக்கக் கூடியதென்று வைத்தியர் சொன்னதை அவன் தகப்பனார் எமக்குத் தெரிவித்தார். பந்து பட்டிருக்கும் என்று யாம் கூறியதை அவன் அவரிடம் சொல்லியிருந்தானா என்று கேட்கும் துணிவு எமக்கு இருக்கவில்லை.

முதுகுக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு என்பதை அறிய உடலமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். விந்தணுக்கள் விளைதற்கு உடற்சூட்டினும் இரண்டு மூன்று பாகை குறைந்த சூடு வேண்டப்படுவதால், விதைகள் இரண்டும் விதைப்பை என்னும் தோற்பையினுள் உடலுக்குப் புறம்பே தொங்குகின்றன. ஆயின், அவை தோன்றும் இடம் அதுவன்று. தாய் வயிற்றிலுள்ள சிசுவிலே சிறுநீரகங்களின் அண்மையில் உண்டாகி, பிறப்பதற்கு முன் அரையின் வழியே கீழிறங்கிப் பையை அடைகின்றன. வரும்போது தமக்குரிய இரத்தக் குழாய்களையும் நிணநீர்க் குழாய்களையும் உடன் இழுத்து வருகின்றன. கொழும்பிலே உத்தியோகம் பார்ப்பவன் கோயில் திருவிழாவுக்குத் தன் ஊரையே நாடி வருவது போல, விதையின் நிணநீரும் அருகிலுள்ள தொடையிடுக்குக்குச் செல்லாது, தான் பிறந்த இடமாகிய வயிற்றின் பின்புறத்துக்கே செல்கின்றது. விதையில் எழுந்த புற்று பெரும்பாலும் முதலிற் பரவும் வழியும் அதுவே. அங்கே முதுகெலும்பின் முன்னுள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கும்போது முதுகு நோகின்றது. அதன்பின் நுரையீரலை அடைந்தால் இருமலும் மூச்சுத்திணறலும் உண்டாகலாம்.

சத்திரசிகிச்சை செய்யும் முறையும் இந்நிணநீர் வழியைப் பொறுத்ததே. விதைப்பையைக் கீறியோ ஊசியாற் குத்தியோ கட்டியைச் சோதிப்பதில்லை. பையின் தோலுக்குரிய நிணநீர் தொடையிடுக்குக்குச் செல்வதால், பையைக் கீறின் நோய்க்குப் புதிய வழியொன்று திறந்துவிடக்கூடும். ஆகவே அரைப்பகுதியிற் கீறி, விதையை அதன் நாணோடு மேலே இழுத்து முழுதாக அகற்றுவர். அதற்கு முன் ஒலியலை ஸ்கான் படம் எடுப்பர். இரத்தத்திலே அல்பா பீற்றோபுரதம், எச்.சி.ஜீ., எல்.டி.எச். என்னும் மூன்றின் அளவையும் பார்ப்பர். இவற்றுள் எச்.சி.ஜீ. என்பது, ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்றறியச் சிறுநீரிற் பார்க்கும் அதே ஓமோன். இளைஞன் ஒருவனின் இரத்தத்தில் அது மிகுந்திருப்பின் வைத்தியர் விழிப்படைவர். சிலருக்கு மார்பு வீங்கி நோவதும் அதனாலேயே.

ஒரு விதை போனால் ஆண்மை போயிற்று என அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். அவ்வச்சம் பிழையானது. எஞ்சிய ஒன்று நலமாயிருப்பின் ஓமோன் சுரத்தற்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். மருந்தேற்றுதல் வேண்டியவர்க்கு விந்து உற்பத்தி குறையக்கூடுமாதலின், சிகிச்சைக்கு முன்னரே விந்தை உறைய வைத்துப் பேணும் வழி பற்றி வைத்தியரிடம் வினவுதல் நன்று.

மறைத்தல் நம்மவர்க்கு மாத்திரம் உரிய குணமன்று. 1966 ஜூலை 30ஆம் நாள் இலண்டன் வெம்பிளி மைதானத்தில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை உயர்த்திய இங்கிலாந்துத் தலைவர் பொபி மூர், 1964இலே, தமது 23ஆம் வயதில், விதைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்றவர். அவர் அரையிலே காயம்பட்டிருக்கிறார் என்றே அப்போது வெளியிற் சொல்லப்பட்டது. இதுவும் ஓர் இடக்கரடக்கலே. பெருங்குடற் புற்றுநோயால் அவர் 1993இல் மறைந்த பின்னரே முந்திய செய்தி பரவலாக அறியப்பட்டது. அவ்வளவு புகழ்பெற்ற ஒருவர் அன்றே வாய்திறந்திருந்தால் எத்தனை இளைஞர் தம் நாணத்தை விட்டிருப்பர்! ஆயினும் அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. அக்காலத்திற் புற்று என்னும் சொல்லையே வீட்டிற் சொல்லமாட்டார்கள். நம் ஊரிலும் "அந்த வருத்தம்" என்றே இன்றும் சொல்வார் உளர்.

மூர் வாழ்ந்த அந்நாட்களில் நோய் பரவிவிட்டால் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. அந்நிலை மாறிய வரலாறு சுவையானது. அமெரிக்காவில் மிச்சிக்கன் அரசுப் பல்கலைக்கழகத்திலே பார்னெற் றோசன்பேர்க் என்னும் அறிஞர், உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள்ளே தோன்றும் இழைகள் காந்தத்தைச் சூழ்ந்த இரும்புத்தூளின் கோடுகளை ஒத்திருக்கக் கண்டு, மின்சாரத்துக்கும் உயிரணுப் பிரிவுக்கும் தொடர்புண்டோ என ஐயுற்றார். பற்றீரியாக்கள் வளரும் நீரில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். அவை பிரியாமல், இயல்பான நீளத்தினும் 300 மடங்குவரை இழைபோல நீண்டன. மின்சாரமே காரணம் என்றுதான் முதலில் எவரும் எண்ணுவர். ஆராய்ந்தபோதோ, மின்முனைகளாக வைத்த பிளாற்றினம் கரைந்து நீரிலுள்ள உப்போடு சேர்ந்து உண்டாகிய பொருளே பற்றீரியாவின் பிரிவைத் தடுத்ததென வெளியாயிற்று. எதனோடும் எளிதிற் சேராத உலோகம் என நம்பியே பிளாற்றினத்தை அவர் தெரிந்திருந்தார்! 1965இல் வெளிவந்த செய்தி இது. அப்பொருளோ புதியதன்று. மிக்கேலே பெய்ரோனே என்னும் இத்தாலியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அதனை ஆக்கியிருந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதன் பயனை எவரும் அறியவில்லை.

பற்றீரியாவைப் பிரியவிடாதது புற்றையும் பிரியவிடாது என்பது அடுத்த எண்ணம். சிஸ்பிளாற்றின் எனப் பெயர் பெற்ற அம்மருந்து உயிரணுவின் மரபிழைகளைப் பிணைத்துவிடுகின்றது. விதைப் புற்றின் உயிரணுக்கள் அப்பிணைப்பைத் திருத்தும் ஆற்றல் குன்றியவை. 1974இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோறன்ஸ் ஐன்கோர்ன் என்னும் வைத்தியர் அதனை வேறிரு மருந்துகளோடு கூட்டிக் கொடுக்கத் தொடங்கினார். இறப்பை எதிர்நோக்கியிருந்த இளைஞர் பலர் எழுந்து நடந்தனர். மருந்து எளியதன்று. கடும் வாந்தியையும், சிறுநீரகத்துக்கும் செவிக்கும் கேட்டையும் உண்டாக்கக்கூடியது. இன்றும் நரம்பு வழியே நிறைய நீர் ஏற்றியே அதனைக் கொடுக்கின்றனர். 1979இல் இந்நோயுற்ற ஆங்கிலேயக் குதிரையோட்டி பொப் சம்பியன் அம்மருந்து பெற்று எழுந்து, 1981இல் அல்டானிற்றி என்னும் குதிரையிலேறிக் கிராண்ட் நாஷனல் பந்தயத்தை வென்றார். 2011இல் துடுப்பாட்ட உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி தோற்றதை நம் மாணவர் மறக்கவில்லை. அத்தொடரின் சிறந்த வீரரான இந்தியாவின் யுவராஜ் சிங் இருமிக்கொண்டே விளையாடினார். விதைக்குரிய மூலவுயிரணுக்கள் கருக்காலத்தில் வழிதவறி நெஞ்சில் தங்கினால் அங்கும் இவ்வினப் புற்று எழுவதுண்டு; அவருக்கு வந்தது அது. 2012இல் அதே ஐன்கோர்னிடம் சிகிச்சை பெற்று, அவ்வாண்டு செப்டெம்பரிலேயே மீண்டும் ஆடினார்.

இன்று, அமெரிக்கக் கணக்கின்படி, நோய் விதையோடு நிற்கும்போது சிகிச்சை பெறுவோரில் 100இல் 99 பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். தொலைவிற் பரவிய பின்னரும் 70 பேருக்கு மேல் வாழ்கின்றனர். உலகெங்கும் 2020இல் ஏறத்தாழ 74,500 பேர் இந்நோயுற்றனர். 9,300 பேர் இறந்தனர். நோர்வே, டென்மார்க் முதலிய நாடுகளில் நோய் மிகுதி, ஆசியாவிற் குறைவு. ஆனால் நோயுற்றோருள் இறப்போரின் விகிதம் வறிய நாடுகளிலேயே கூடுதல். மருந்துக்குறை ஒரு காரணம், காலந்தாழ்த்தல் மற்றொன்று.

நோயின் காரணம் முற்றாகத் தெளிவன்று. பந்து படுதலாலும் துவிச்சக்கரவண்டி ஓடுதலாலும் இது வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது முன்பிருந்தே உள்ள கட்டி கைக்கு அகப்படுவதால் அவ்வாறு எண்ணப்படுகின்றது. பிறந்தபோது விதை பைக்குள் இறங்காதிருந்தவர்க்கு வாய்ப்புப் பல மடங்கு கூடுதல். தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இருந்தாலும் கூடுதல். இளந் தகப்பன்மார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆண் குழந்தைக்கு ஆறு மாதமாகியும் ஒரு விதை பையில் இல்லையெனின், வளர வளர இறங்கும் என்று பேர்த்தி பேரனைக் கண்ட கிழவிமார் சொல்வதைக் கேட்டிராது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். ஒன்றரை வயதுக்குள் அதனை இறக்கி வைப்பது முறை.

அறிகுறி பெரும்பாலும் நோவில்லாத ஒரு கட்டி. பயறளவிலும் இருக்கலாம், விதை முழுதும் கல்லுப்போல இறுகியும் இருக்கலாம். பாரம், அடிவயிற்றில் மந்தமான நோ, திடீரெனப் பையில் நீர் சேர்தல் என்பனவும் உண்டு. நோகவில்லையே என்று விடுவதுதான் ஏமாற்றம். கிணற்றடியிற் குளிர்ந்த நீர் வார்த்தவுடன் பார்த்தாற் பையின் தோல் சுருங்கியிருக்கும்; வெந்நீரிற் குளித்தபின் தோல் தளர்ந்திருக்கையில் ஒவ்வொன்றையும் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் மெல்ல உருட்டிப் பார்க்கலாம். ஒன்று மற்றதினும் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பே. பின்புறத்தில் மெத்தென்ற ஒரு சுருட்குழாய் தட்டுப்படும், அதுவும் இயல்பானதே. நோய்க்குறி இல்லாதார் எல்லாரையும் இவ்வாறு சோதிக்கச் சொல்லத் தேவையில்லை என 2011இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு கூறிற்று. நோய் அரியது, வீணச்சம் மிகும் என்பது அவர் கருத்து. மாதந்தோறும் நாட்குறித்துத் தேடுமாறு யாமும் கூறோம். தன் உடலின் இயல்பைத் தான் அறிந்திருந்தால் மாறுதல் தானே தெரியும். தெரிந்தபின் இரண்டு கிழமைக்கு மேற் பொறுத்தல் ஆகாது.

பொறுக்கவே கூடாத வேறொன்றும் உண்டு. புற்றன்று எனினும் மாணவர் அறிதற்பாலது. திடீரென விதையிற் பொறுக்கவியலாத நோவெழுந்து, வாந்தியும் வந்தால், விதை தன் நாணிலே முறுகியிருக்கலாம். இரத்தம் செல்லாமையால் ஆறு மணிநேரத்துக்குள் அதனை அவிழ்க்காவிடின் விதை அழியும் வாய்ப்பு மிகுதி. நள்ளிரவாயினும் விடியட்டும் என்று இருத்தலாகாது.

அரசினர் வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையும், 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய பொருளாலெழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையும் இருக்கின்றன. முதலிற் செல்ல வேண்டியதோ அருகிலுள்ள வைத்தியசாலையே. அங்கே துண்டு எழுதும் இடத்தில், வரிசையில் நிற்போர் பலர் செவிகொடுத்திருக்க, வருத்தம் என்ன என்று கேட்பார்கள். "அடிவயிற்றில் நோ" என்று அங்கே சொன்னாற் போதும். உள்ளே சென்றபின், இருப்பவர் பெண் வைத்தியராயினும், "விதையில் ஒரு கட்டி இருக்கிறது, பார்க்க வேண்டும்" என்று சொல்லுதல் வேண்டும். இவ்விரு வாக்கியங்களையும் "கால் கழுவி வந்தேன்" என்பதன் கீழே இப்போது கரும்பலகையில் எழுதி வருகின்றோம். கடைசி வாங்கின் சிரிப்பு இன்னும் நின்றபாடில்லை.